பெரிய சீப்பில் தொடங்குங்கள்

வெள்ளவத்தை மின்சாமான் கடையில் நான் நின்ற கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். எனக்குப் பிரியாவிடை கேக் வெட்டிய அன்று நீங்கள் என் கைகளைப் பார்த்து, ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிச் சிரித்ததை நான் கவனிக்காமல் இல்லை. வலது கையில் அடர்த்தியாக முடி. இடது கையில் முழங்கை வரை ஒன்றுமே இல்லை. ஏதோ தோல் வருத்தம் என்று நினைத்திருப்பீர்கள். கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை, அதனால் இப்போது உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது.

முடி வெட்டும் மெஷினைக் காற்றில் ஓட விட்டுக் காட்டி விற்கக் கூடாது. காற்றில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் ஓடும். முடியில் வைத்தால்தான் எது வெட்டுகிறது, எது பிடித்து இழுக்கிறது என்று தெரியும். வாங்க வருகிறவருடைய தலையில் வைக்க முடியாது, அது கடைக்கும் ஆகாது, அவருக்கும் ஆகாது. ஆகவே வேலை செய்த காலமெல்லாம் என் இடது கையில் வைத்துக் காட்டினேன். கல்யாண வீடுகளுக்குப் போகும்போது மனைவி எனக்கு முழுக்கைச் சட்டைதான் எடுத்து வைப்பாள். "ஒரு கை மனுசன்ர கை, மற்றது பொம்மையின்ர கை, ஆக்கள் பாக்குதுகள்" என்பாள்.

இந்தச் சாமான் வாங்க வருகிறவர்கள் எல்லாருக்கும் கேள்விகள் ஒன்றுதான். எத்தனை வாட், எந்த நாட்டுச் சாமான், பெட்டிக்குள் எத்தனை சீப்பு. சீப்பு என்றால் பிளேட்டின் மேல் மாட்டுவது, பெரியதை மாட்டினால் முடி நீளமாக மிஞ்சும், சின்னதை மாட்டினால் கட்டையாக மிஞ்சும். சலூன்கள் பூட்டிக் கிடந்த ஊரடங்கு நாட்களுக்குப் பிறகு கேட்கிறவர்களும் கூடிவிட்டார்கள். அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். ஆனால் அவர்கள் கேட்காத ஒன்றை நீங்கள் கேளுங்கள்: "வீட்டில இதை ஆர் பிடிக்கப் போறது?" வெட்டப்படுகிற தலையைப் பற்றி எல்லாரும் விசாரிப்பார்கள், பிடிக்கிற கையைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. தன் பின்னந்தலையைத் தானே வெட்ட நினைக்கிற தனி ஆளுக்குச் சார்ஜில் ஓடுவதைக் கொடுங்கள். வயர் உள்ளதைக் கொடுத்தால் கழுத்தில் சுற்றிக்கொள்வார். பிள்ளைகளை வரிசையாக இருத்தி வெட்டுகிற தகப்பனுக்கு வயர் உள்ளதுதான் சரி. மற்றது என்றால் இரண்டாவது பிள்ளையின் பாதித் தலையில் சார்ஜ் இறங்கி நின்றுவிடும், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாது. சத்தத்துக்குப் பயப்படுகிற குழந்தை உள்ள வீட்டுக்கு வாட்டை மறந்துவிட்டு, மெஷினைக் காதில் வைத்துப் பார்த்துக் கொடுங்கள்.

இதெல்லாம் கெதியாகப் பழகிவிடும். பழகாத விஷயம் ஒன்று இருக்கிறது. போன கிழமை ஃபோன் எடுத்து நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள். விற்ற சாமானைத் தூக்கிக்கொண்டு ஆள் சண்டைக்கு வந்தால் என்ன செய்வது? அதற்கு நான் ஒரு பாஸ்குக் கதை சொல்ல வேண்டும்.

நான் கொட்டாஞ்சேனை ஆள். எங்கள் கோயில் பங்கில் குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள் மாலையில் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவோம். அதைத்தான் பாஸ்கு என்கிறோம். நடிப்பவர்கள் எல்லாரும் பங்கு ஆட்கள்: துறைமுக வேலையாட்கள், கிளாக்மார், கடைக்காரர்கள். நாடகத்தை நடத்துபவர் அண்ணாவியார். எங்கள் அண்ணாவியார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உச்சியில் இருந்துகொண்டு கீழே நிற்கிறவர்களோடு கதைத்துப் பழகிய தொண்டை, மைக் தேவையில்லை.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒட்டுத்தாடி கூடாது. ஒரு வருடம் இராப்போசனக் காட்சியில் பேதுருவின் ஒட்டுத்தாடி கழன்று அப்பத் தட்டில் விழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் அதைக் கவனிக்காமல், அப்பத்தோடு சேர்த்து அடுத்தவருக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டார். மண்டபம் சிரித்த சிரிப்பில் அந்த வருடம் ஒருவருக்கும் பக்தி வரவில்லை. அதற்குப் பிறகு இயேசுவும் பன்னிரண்டு சீடர்களும் சொந்தத் தாடி வளர்க்க வேண்டும் என்று அண்ணாவியார் சொல்லிவிட்டார். மார்கழியில், கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முன்பே எங்கள் பங்கில் ஆண்கள் சவரத்தை நிறுத்திவிடுவார்கள். தை மாதத்தில் பஸ்ஸில் ஒரு தாடிக்காரரைக் கண்டால், இவர் எந்தச் சீடர் என்று நாங்கள் பந்தயம் பிடிப்போம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. யூதாஸ் காட்டிக்கொடுக்க மேடைக்கு வந்ததும் சனம் "ஊ" என்று கூவும். முன்னால் பாயில் இருக்கிற பிள்ளைகள் தொடங்குவார்கள், பின்னால் கதிரைகளில் இருக்கிற பெரிய ஆட்களும் சேர்ந்துகொள்வார்கள். கூவல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்ல யூதாஸ். கிளறன்ஸ் என்பவர், மருதானையில் ரேடியோ டீவி திருத்துகிற கடை வைத்திருப்பவர், பல வருடமாக யூதாசாக நடித்துக் கூரை பறக்கக் கூவல் வாங்கிக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய ஆசை இயேசு வேடத்தில். பங்கில் அது தெரியாத ஆள் இல்லை. இயேசுவின் வசனம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். ஒத்திகையில் இயேசு தடுமாறினால் யூதாஸ்தான் எடுத்துக் கொடுப்பார். பங்கிலேயே சிறந்த தாடியும் அவருடையதுதான். ஒவ்வொரு வருடமும் அண்ணாவியார், "உம்மை எடுத்தால் யூதாசுக்கு நான் எங்க போறது?" என்று கேட்டு வேறு ஒருவரைப் போட்டுவிடுவார்.

அந்த வருடம் இயேசு அன்ரன். ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் யார்ட் ஒன்றில் கிளாக். முதலில் ஈட்டி பிடித்த சேவகன், பிறகு சிலுவை சுமக்க உதவுகிற சீமோன், கடைசியில் இயேசு. ஒரு வருடத்துக்கு மேலாக முடியை வளர்த்துத் தோள் வரை கொண்டுவந்திருந்தார். யார்ட்டில் லொறிக்காரர்கள் பகிடி பண்ணினார்களாம், மேலாளர் கூப்பிட்டுப் புத்தி சொன்னாராம், எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டார். அவருடைய மனைவி ஜெசிந்தா எங்கள் கடைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பல் டொக்டரிடம் வேலை செய்தவர். பங்கு ஆள் என்பதால் எது வாங்குவதென்றாலும் என்னிடம்தான் வருவார்.

நாடகத்துக்கு முதல் நாள் பின்னேரம் ஜெசிந்தா கவுண்டருக்கு வந்தார்.

"அண்ணே, இவர்ட தாடி கன்னத்தில நுனி நுனியா நிக்குதாம், ஒழுங்காக்கச் சொல்லி அண்ணாவியார் சொல்லிப்போட்டார். சலூனுக்குப் போனால் அவங்கள் வடிவா வெட்டுறம் எண்டு குறைச்சுப்போடுவாங்கள். நானே செய்யப் போறன்."

பிடிக்கப் போவது சின்னக் கை. பாரம் குறைந்த, சார்ஜில் ஓடுகிற மெஷினை எடுத்து என் கையில் மிச்சம் இருந்த முடியில் ஓட்டிக் காட்டினேன். "பெட்டிக்குள்ள இருக்கிறதில ஆகப் பெரிய சீப்பைப் போட்டுத் தொடங்குங்கோ" என்றேன். "வெட்டினது காணாட்டித் திரும்ப வெட்டலாம். கூட வெட்டினால் ஒட்ட ஏலாது. அதுவும் எங்கட பங்கில ஒட்டவே ஏலாது." இருவரும் சிரித்தோம். அவர் பெட்டியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. கடை திறந்து நாங்கள் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டு நிற்கிறோம், வாசலில் சத்தம். முகம் முழுவதும் மூடும் ஹெல்மட்டோடு ஒரு ஆள் உள்ளே வரப் பார்க்கிறார், எங்கள் செக்கியூரிட்டி கையை விரித்து மறித்து, சிங்களத்தில் கழற்றச் சொல்கிறார். "ஹெல்மட் எக கலவன்ட, மாத்தயா." பக்கத்தில் நின்ற பெண் அதைக் கழற்ற ஏலாது என்று கெஞ்சுகிறார். "பே அய்யே, பே." பெண் ஜெசிந்தா என்று கண்டதும் நான் போய் இருவரையும் உள்ளே கூட்டிவந்தேன்.

ஜெசிந்தா பெட்டியைக் கண்ணாடி மேல் வைத்த வேகத்தில் உள்ளே இருந்த சீப்புகள் எல்லாம் குலுங்கின. கடையில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது.

"நல்ல சாமான் எண்டு சொல்லித் தந்தீங்கள் அண்ணே. உங்கட மெஷின் என்ன செய்திருக்குது எண்டு வந்து பாருங்கோ."

ஃபிரிட்ஜ்கள் வரிசையாக நிற்கிற இடத்துக்குப் பின்னால் போனோம். அன்ரன் ஹெல்மட்டைக் கழற்றினார். இடது கன்னம் அருமையாக இருந்தது, எந்தச் சலூன்காரரும் அதைவிடத் திறமாகச் செய்திருக்க மாட்டார். வலது கன்னத்தில் காதடியில் தொடங்கி நாடி வரை, எங்கள் கடை வாசலில் ஓடுகிற காலி வீதி மாதிரி நேராக ஒரு பாதை போட்டிருந்தது. இரண்டு விரல் அகலம். கட்டை முடிக்கு ஊடாகத் தோல் தெரிந்தது.

ஜெசிந்தா மெஷினைத் திட்டிக்கொண்டே நடந்ததைச் சொன்னார். இடப்பக்கத்தை முடித்துவிட்டு, சீப்பில் சேர்ந்த முடியைத் தட்டுவதற்காகச் சீப்பைக் கழற்றியிருக்கிறார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த நேரம் ஃபோன். சிலுவை சுமந்து போகிற இயேசுவின் முகத்தைத் துடைக்கிற வெரோனிக்காவாக நடிக்கிற பெண் அழைத்திருக்கிறார். துடைத்ததும் துணியில் முகம் பதிந்திருப்பதாகக் காட்ட வேண்டும் அல்லவா, அந்தத் துணியில் தாடியோடு முகம் வரைந்து காயப்போட்டது ஜெசிந்தாதான். துணி காய்ந்ததா என்று கேட்டிருக்கிறார் அந்தப் பெண். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, காய்ந்துவிட்டது என்று பதில் சொல்லிக்கொண்டே, மெஷினை வலது கன்னத்தில் வைத்திருக்கிறார். சீப்பு கட்டிலில் கிடந்திருக்கிறது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். "சீப்பைக் கழற்றினது ஆர்?" என்ற கேள்வி என் நுனிநாக்குக்கு வந்துவிட்டது. நியாயமான கேள்வி. கடையும் தப்பும், நானும் தப்புவேன், எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற சனமும் என் பக்கம் வந்துவிடும். எனக்குக் கோபம் வராது என்று நினைக்காதீர்கள், நன்றாக வரும். முதல் நாள் படித்துப் படித்துச் சொன்னேனே என்று வந்தது. ஆனால் ஜெசிந்தாவின் கையைப் பார்த்தேன். பெட்டியைப் பிடித்த பிடி விடவில்லை. யார் கழற்றியது என்று தெரியாமலா இந்தப் பெண் கொட்டாஞ்சேனையிலிருந்து இவ்வளவு தூரம் வருகிறார்? தன்னைத் திட்ட முடியாமல் மெஷினைத் திட்டுகிறார். அந்தக் கேள்வியை நான் கேட்டால் அது சீப்பே இல்லாமல் தோலில் வைக்கிற வெட்டு. பெரிய சீப்பில் தொடங்கினேன்.

"பின்னேரம் எத்தனை மணிக்கு எல்லாரும் மண்டபத்துக்கு வரீனம்?" என்று கேட்டேன்.

ஜெசிந்தா மெஷின் பெட்டியைக் கீழே வைத்தார். அங்கே கிடந்த ரைஸ் குக்கர் பெட்டி ஒன்றில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். "மெஷின் இல்லை அண்ணே. என்ர கைதான். ஒரு வருசமா வளத்த மனுசன்." அன்ரன் ஒரு கையில் ஹெல்மட்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அவருடைய தோளைத் தட்டினார். பிறகு என்னிடம் மெல்லக் கேட்டார்.

"இடப்பக்கத்தை மட்டும் சனத்துக்குக் காட்டி நடிக்கலாமோ அண்ணே?"

"சிலுவையில பக்கவாட்டில எப்பிடித் தொங்குவீங்கள் அன்ரன்?"

அழுதுகொண்டிருந்த ஜெசிந்தா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடுதான் எனக்கு மூளை வேலை செய்தது: மிச்சத் தாடியையும் குறைத்து ஒரு அளவாக்கலாம்.

அன்ரனுக்கும் ஒரு யோசனை இருந்தது. கடையின் பின்னறையிலேயே நான் எப்படியாவது சரிக்கட்டிவிட வேண்டும், அவர் ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு பொழுதுபட்ட பிறகு, மேடை ஏறுகிற கடைசி நிமிடத்தில் மண்டபத்துக்குப் போவார், அப்போது அண்ணாவியாரால் ஒன்றும் செய்ய முடியாது. நான் மாட்டேன் என்றேன். வெட்டின முடியை ஒளிக்க முடியாது. முடிவெடுக்க வேண்டிய ஆளுக்கு, முடிவெடுக்க நேரம் இருக்கும்போதே காட்ட வேண்டும். மண்டபத்துக்குப் போய், அவர் கண்ணுக்கு முன்னால் செய்வோம் என்றேன்.

"அவர் கண்டால் இவரை வேடத்தில இருந்து தூக்கிப்போடுவார் அண்ணே" என்றார் ஜெசிந்தா.

தூக்கிப்போடலாம்தான். அது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

அரை நாள் லீவு கேட்க எங்கள் மனேஜரிடம் போனேன். மருதானை முஸ்லிம் ஆள், எந்த விஷயத்தையும் பாதி கேட்டாலே போதும் அவருக்கு. "ஈஸா நபிட விஷயம், நான் மறிக்க ஏலுமா? போய்ட்டு வாங்க" என்றார். இயேசுவை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் வாசலைத் தாண்டுவதற்குள் மறுபடியும் கூப்பிட்டார். "சார்ஜ்ல ஓடுறத மட்டும் நம்பிப் போகாம, ஷோகேஸ்ல இருக்கிற வயர் உள்ளதையும் எடுத்துக்கிட்டுப் போங்க." ஒரு கன்னத்துக்கு எதற்கு இரண்டு மெஷின் என்று நினைத்தேன். ஆனாலும் எடுத்துக்கொண்டேன்.

பங்கு மண்டபத்தில் சிலுவைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். சீடர்கள் கூட்டமாக நின்று பனிஸும் பிளேன் டீயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்ரன் அண்ணாவியாருக்கு முன்னால் போய் நின்று ஹெல்மட்டைக் கழற்றினார். ஆணிச் சத்தம் நின்றது. ஜெசிந்தா, "நான் செய்த பிழை" என்று அவராகவே சொன்னார். அண்ணாவியார் கிட்ட வந்து அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கத்தியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் சொன்னேன். போனதைக் கொண்டுவர முடியாது, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தால் ஓரிடத்தில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும். தாடி சின்னதாக இருக்கும், ஆனால் சொந்தத் தாடியாக இருக்கும்.

"செய்து காட்டும்" என்றார் அண்ணாவியார். "பிறகு சொல்றன்."

பெரிய சீப்பில் தொடங்கி, சீப்பு நம்பர் ஒவ்வொன்றாக இறங்கினேன். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, மெஷினை நிற்பாட்டிவிட்டுச் சீப்பைக் கழற்றி, எட்ட நின்று பார்த்தேன். இரண்டாம் நம்பரில் கண்ணுக்குச் சமாதானம் வந்தது. தேடிப் பார்க்கிற ஆளுக்கு மட்டும் அந்தப் பாதை தெரிந்தது. நாடியில் கொஞ்சம் கூட விட்டேன். உண்மையைச் சொன்னால் அன்ரன் முன்பைவிட வடிவாக இருந்தார். அதுதான் வில்லங்கமாகப் போனது.

அண்ணாவியார் அவரைக் கூட்டிக்கொண்டு போய், இராப்போசன மேசைக்கு நடுவில், சீடர்களுக்கு மத்தியில் இருத்தினார். பின்னால் நடந்து மண்டபத்தின் கடைசிக் கதிரை வரை போய் நின்று பார்த்தார்.

"பன்னிரண்டு பேரும் வனாந்தரத்தில இருந்து வந்திருக்கினம்" என்றார். "இவர் மட்டும் பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க வந்த மாதிரி இருக்கிறார்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் சொன்னது சரி, எல்லாருக்கும் தெரிந்தது. பிறகு முன்னால் வந்து, வழமையைவிடக் குரலைத் தணித்துச் சொன்னார்.

"அன்ரன், குறை நினையாதையும். கிளறன்ஸ், நீர்தான் இண்டைக்கு இயேசு. வசனம் உமக்குப் பாடம். யூதாசை அன்ரன் செய்யட்டும், யூதாசுக்கு இந்த அளவு தாடி காணும்."

ஜெசிந்தா சுவரோடு போய் நின்றுகொண்டார். அன்ரன் தலையை ஆட்டினார், வேறென்ன செய்வார். ஒளிக்க வேண்டாம் என்று சொல்லிக் கூட்டிவந்தவன் நான். அந்த நேரம் எனக்கு என் மெஷின்களை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்விட வேண்டும் போல இருந்தது.

கிளறன்ஸ் கையில் இருந்த பிளேன் டீயைக் குடித்து முடித்தார். தன் தாடியை மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினார். எத்தனை வருடமாக இந்தச் சொல்லுக்குக் காத்திருந்த மனிதர். நேரே வந்து, அன்ரன் எழும்பிய கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தார். கதிரையில் கிடந்த துணியை எடுத்துத் தன் கழுத்தில் தானே கட்டினார்.

"எந்த நம்பரில நிப்பாட்டினனீங்கள் அண்ணே?"

"ரெண்டில."

"அதையே எனக்கும் போடுங்கோ."

அண்ணாவியாருக்கு இப்போது தொண்டை திறந்தது. "கிளறன்ஸ், என்ன செய்யிறீர்?"

"ஒராள் மட்டும் இப்பிடி நிண்டால்தானே பிழை" என்றார் கிளறன்ஸ். "எல்லாரும் இப்பிடி நிண்டால் சரிதானே. ஒரு வருசம் அவர் வளத்தது முடியை மட்டுமே? லொறிக்காரனிட்ட எல்லாம் பேச்சு வாங்கிக்கொண்டு நிண்டவர்."

மெஷினை எடுத்தேன். "யோசியுங்கோ கிளறன்ஸ்" என்றேன். "பிறகு ஒட்ட ஏலாது."

"தெரியும்."

நேரே இரண்டாம் நம்பரைப் போட்டிருந்தால் வேலை கெதியாக முடிந்திருக்கும். நான் பெரிய சீப்பைத்தான் போட்டேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்தினேன். அந்த அளவில் அவர் எழும்பிப் போயிருந்தாலும் நல்ல தாடிதான், இயேசுவாகவே மேடை ஏறியிருக்கலாம். மனம் மாறுவதற்கு ஒரு மனிதனுக்கு இடம் விட வேண்டும் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்த கிளறன்ஸ் ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்? சார்ஜ் போயிட்டுதோ?"

பிறகு நான் நிறுத்தவில்லை. அவர் எழும்பியதும் பேதுரு வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் தாங்களாகவே வரிசையில் நின்றார்கள். சீடர் அருளப்பரின் பாதித் தாடியில் சார்ஜ் மெஷின் மூச்சை விட்டது. எங்கள் மனேஜரை மனதுக்குள் கும்பிட்டுவிட்டு வயர் உள்ளதை எடுத்தேன். பிளேட் சூடேறும்போதெல்லாம் என் மொட்டைக் கையில் வைத்துப் பார்த்து, சுட்டால் நிறுத்தி எண்ணெய் விட்டு ஆற வைத்தேன். சீடர்கள் அதுவரைக்கும் பொறுமையாக நின்றார்கள். ஜெசிந்தா தும்புத்தடியால் முடியைக் கூட்டிக்கொண்டே இருந்தார், மண்டபத்து மூலையில் ஒரு குவியல் சேர்ந்தது. அண்ணாவியார் அந்தக் குவியலைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "இனி நான் சொல்லி என்ன" என்றார். "கெதியா முடியும். கடைசி ஒத்திகை பார்க்க வேணும். அன்ரன், எழும்பி நடுவில உம்மட இடத்தில இரும்."

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சீப்பைக் கழற்றுவதற்கு முதல் சுவிட்சை நிற்பாட்டச் சொல்லுங்கள், எத்தனை தரம் சொன்னாலும் பரவாயில்லை. ஃபோன் அடித்தால் மெஷினைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். ஆள் சண்டைக்கு வந்தால் பெரிய சீப்பில் தொடங்குங்கள், உங்களிடம் இருக்கிற சின்னச் சீப்பு எங்கேயும் போகாது. நான் அதைச் சரியாகச் செய்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஆனால் அன்றைக்கு அன்ரனைக் காப்பாற்றியது நான் இல்லை. நல்ல சாமானும் நல்ல வார்த்தையும் ஓர் ஆளைக் கதிரை வரைக்கும் கூட்டிக்கொண்டு வரும். அந்தக் கதிரையில் இன்னொருவர் வந்து உட்காருவதை நீங்கள் விற்க முடியாது.

மாலையில் மண்டபம் நிறைந்து வழிந்தது. வெரோனிக்காவின் காட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோவேன். இயேசுவின் முகத்தைத் துடைத்துவிட்டு அந்தப் பெண் துணியை விரித்துக் காட்டினார். துணியில் நெஞ்சு வரை தாடி. பக்கத்தில் நின்ற இயேசுவுக்கு இரண்டாம் நம்பர். எனக்குப் பின்னால் இருந்த ஒரு அம்மா பெருமூச்சு விட்டார். "துடைச்ச துடையில தாடியும் துணியோட வந்திட்டுது" என்றார். அந்த வரிசை முழுவதும் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டது.

அதற்கு எவ்வளவோ முன்னால் வந்தது கெத்செமனித் தோட்டம். யூதாஸ் முத்தமிட வருகிற காட்சி. கொட்டாஞ்சேனையில் ஒரு செய்தி மாலை வரை ஒளிந்திருக்காது. மண்டபத்தில் நடந்தது பாயில் இருந்த பிள்ளைகள் வரை போய்ச் சேர்ந்திருந்தது. கிளறன்ஸ் தீப்பந்தத்தோடு மேடைக்கு வந்தார். கூவலுக்காக, வழமைபோல ஓரிடத்தில் நின்று கொடுத்தார். ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகள் அவரையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கிளறன்ஸ் ஒரு கணம் தடுமாறிவிட்டு அன்ரனிடம் போனார். இரண்டு கன்னங்களும் ஒன்றோடொன்று சேர்ந்தபோது எது யாருடைய தாடி என்று எனக்கே தெரியவில்லை, நான் வெட்டியதுதான் இரண்டும். அன்ரனின் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பு இல்லை.

பின்வரிசையில் யாரோ கை தட்டத் தொடங்கினார்கள். என் பக்கத்தில் இருந்த ஜெசிந்தாவும் தட்டினார். பிறகு மண்டபம் முழுவதும் தட்டியது, பாயில் இருந்த பிள்ளைகள் எழும்பி நின்று தட்டினார்கள். திரைக்குப் பின்னாலிருந்து, மைக் இல்லாமலே, அண்ணாவியாரின் குரல் கேட்டது. "கை தட்டாதைங்கோ. அவன் யூதாஸ். கூவுங்கோ."

ஒருவரும் கூவவில்லை. கிளறன்ஸ் இன்றைக்கும் என்னைக் கண்டால் விடமாட்டார். "நல்லா நடிச்சனான் அண்ணே" என்பார். "ஆனால் அந்த வருசம் எனக்கு ஒரு 'ஊ' கூடக் கிடைக்கேல்லை."